மரமும் கதையும் வண்ணமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பகுதி மக்களின் மரபு. ஞாயிறு எழும் பக்கம் எழுவான். ஞாயிறு படும் பக்கம் படுவான். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலே ஓடமேறி மேற்கு நோக்கிச் செல்வோர் சென்றடையும் ஊர் மண்டூர். பல தலைமுறையினர் இவ்வழியே வாவியைக் கடந்து மண்டூர் முருகனைத் தரிசிக்கச் சென்றிருக்கின்றனர். அத்தலத்தைச் சின்னக் கதிர்காமம் என்பர். தில்லை மண்டூர் என்றும் போற்றுவர்.

தில்லை என்னும் சொல் சிதம்பரத்தை நினைவூட்டும். ஆயினும் மண்டூரிலே அச்சொல் குறிப்பது ஒரு மரத்தை. சூரனை வென்ற வேலினின்றும் எழுந்த ஒளிக்கதிர்களுள் ஒன்று இவ்வாவிக்கரையிலே நின்ற ஒரு தில்லை மரத்தில் வந்து தங்கியது என்பது ஐதீகம். அதனைக் கண்டு முதன்முதல் வழிபட்டோர் வேடர் என்றும் கூறுவர். கோயிலும் மதிலும் பின்னே வந்தவை. முதலில் இருந்தது மரமே.

அக்கோயிலின் வழிபாட்டு முறையும் தனித்தன்மை உடையது. பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் எதனையும் உரக்க ஓதாது, மௌனமாகவே பூசை நிகழ்த்துவார். மூலத்தானத்தை ஒரு திரைச்சீலை மறைத்து நிற்கும். கதிர்காமத்திலே அவ்வாறு தொங்கும் திரையில் வள்ளி தெய்வயானையுடன் முருகன் திருவுருவம் வண்ணத்தில் தீட்டப்பெற்றிருக்கும். அடியார் கைகூப்பி நிற்பது அச்சீலையின் முன்னே. உள்ளே இருப்பது என்ன என்று எவரும் கேட்பதில்லை. தீட்டப்பட்ட சீலையே தெய்வத்தின் முகமாகி விடுகின்றது.

ஒரு மரம், அம்மரத்தைப் பற்றிய ஒரு கதை, அக்கதையைக் கண்முன் நிறுத்தும் ஒரு வண்ணச்சீலை. இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன? பிறந்தது முதல் பார்த்துப் பழகிய காரணத்தால் நாம் இதனைப் பற்றிச் சிந்திப்பதில்லை. நம் வீட்டு முற்றத்தின் அழகை அறிய ஒருமுறை அயலூர் சென்று வரவேண்டும் அல்லவா? ஆகவே, இன்றைய பேச்சிலே உங்களை நெடுந்தொலைவிலுள்ள ஆபிரிக்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே உலகத் தோற்றத்தைப் பற்றி மக்கள் சொல்லும் கதைகளையும், அக்கதைகளினின்றும் கிளைத்த எண்ணெய் வண்ண ஓவியங்களையும், அவ்வோவியங்களை வரைந்தோர் ஒரு காட்டைக் காத்த வரலாற்றையும் கண்டு, மீண்டும் மண்டூர்த் துறைக்கே வந்து சேர்வோம்.

முதலில் கதைகளைக் கேட்போம்.

மேற்கு ஆபிரிக்காவிலே, நைஜீரியா நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வாழும் பெருங்குடி மக்கள் யொரூபர். தொடக்கத்திலே மேலே வானமும் கீழே நீருமே இருந்தன என்பது அவர்கள் கொள்கை. பரம்பொருளாகிய ஓலோடுமாரே உலகைப் படைத்துவர ஒபாத்தாலா என்னும் தெய்வத்தை அனுப்பினார். ஒபாத்தாலா ஒரு நத்தை ஓட்டிலே சிறிது மண்ணும், ஐந்து விரல்களையுடைய ஒரு கோழியும், ஒரு செம்பனைக் கொட்டையும் எடுத்துக்கொண்டு, சங்கிலி ஒன்றைப் பற்றி வானினின்றும் இறங்கினார். மண்ணை நீரின்மேல் கொட்டிக் கோழியை அதன்மீது விட்டார். நம் வீட்டு முற்றத்துக் கோழி குப்பையைக் கிளறுவது போல அக்கோழி அம்மண்ணை நாற்புறமும் கிளறி இறைத்தது. மண் பரந்து நிலமாயிற்று. பரவிய அவ்விடமே இலே இஃபெ என்னும் புனித நகரம். செம்பனைக் கொட்டை முளைத்து உலகின் முதல் மரமாக நின்றது.

பின்னர் ஒபாத்தாலா களிமண்ணால் மனித உருக்களைச் சமைக்கத் தொடங்கினார். களைப்பு மிகவே பனங்கள்ளைப் பருகினார். மயக்கத்திலே அவர் கைகள் தடுமாறின. கூனும் குருடும் முடமுமாகச் சில உருக்கள் அமைந்தன. தெளிந்த பின் தம் பிழைக்கு வருந்திய அத்தெய்வம், உடற்குறையுடையோர் அனைவருக்கும் தாமே காவலர் என்று உறுதி கொண்டது. இன்றும் ஒபாத்தாலாவின் அடியார் வெள்ளை உடுத்துவர், கள் அருந்தார். பிழை செய்த தெய்வமே பிழையால் துன்புறுவோர்க்குத் துணையாகும் இக்கதை எவ்வளவு ஆழமானது!

ஆபிரிக்காவின் தென்பகுதியிலே நமீபியா நாட்டில் வாழும் ஹெரேரோ மக்கள், முதல் மனிதரும் முதல் ஆநிரையும் ஒரு மரத்தினுள்ளிருந்து வெளிப்பட்டனர் என்பர். அம்மரத்தை அவர்கள் ஒமும்போரோம்போங்கா என்று அழைக்கின்றனர். அது மிகக் கடினமான மரம். அதன் கட்டை நீரில் மிதக்காது, மூழ்கிவிடும். ஆயிரம் ஆண்டும் வாழவல்லது. பட்டுப்போன பின்னும் அடிமரம் நூற்றாண்டுக்கணக்கில் விழாது நிற்கும். தாவரவியலார் அதனை நம் குளக்கட்டுகளிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் மருத மரத்தின் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். ஆகவே, அவர்களுடைய ஆதித்தாய் நம் மருதுக்கு உறவு என்று சொன்னால் அது வெறும் புனைந்துரை ஆகாது.

இன்னும் தெற்கே, 1860 முதல் நம்மவர் கரும்புத் தோட்டத் தொழிலாளராகச் சென்று குடியேறிய நாட்டால் பகுதியிலே, சூலு மக்கள் வாழ்கின்றனர். முதல்வனாகிய உன்குலுன்குலு நாணற் படுகையிலிருந்து தோன்றினான் என்பது அவர்கள் கதை. மனிதருக்கு இறப்பில்லை என்னும் செய்தியைச் சொல்லிவர அவன் ஒரு பச்சோந்தியை அனுப்பினானாம். அது வழியிலே பழம் தின்றுகொண்டு மெல்ல மெல்லச் சென்றது. பின்னர் மனிதர் இறப்பர் என்னும் செய்தியுடன் ஒரு பல்லியை அனுப்பினான். பல்லி விரைந்து ஓடி முந்திக்கொண்டது. அன்றிலிருந்து மனிதன் இறக்கின்றான்.

நேயர்களே, இக்கதைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? இவற்றிலே மனிதன் தனியனாக வரவில்லை. கோழியும் பனையும் அவனுக்கு முன்னே வந்துவிட்டன. ஆநிரை அவனுடன் ஒரே மரத்திலிருந்து வெளிப்பட்டது. நாணல் அவனுக்குத் தாய். இவ்வாறு எண்ணும் ஒருவன் மரத்தை வெறும் விறகாகவோ பலகையாகவோ காணமாட்டான். தன்னினும் மூத்த உறவினராகவே காண்பான். அப்படிக் காணும் கண்ணுடையவன் ஓவியனானால், அவன் கையிலே மரத்தின் கிளை மனிதன் கையாகும். மனிதனின் விரல் வேராகும். இவ்வகை ஓவியத்தின் உயிர்நிலை இதுவே.

இனி, ஓர் ஊருக்குச் செல்வோம். அவ்வூரின் பெயர் ஒஷொக்போ. யொரூப நாட்டிலே ஒஷூன் என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது. ஒஷூன் ஆற்றின் பெயர் மட்டுமன்று. மக்கட்பேற்றையும் வளத்தையும் அருளும் நீர்த்தெய்வத்தின் பெயருமாகும். பஞ்சத்தினால் தம் ஊரை விட்டு நீர் தேடிவந்த ஒரு கூட்டத்தார் முன்னொரு காலத்திலே இவ்வாற்றங்கரையை அடைந்து, குடியேறுவதற்காகக் காட்டை வெட்டலாயினர். அப்போது வெட்டுண்ட மரமொன்று ஆற்றிலே விழுந்தது. உடனே நீரினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. தன் சாயப்பானைகளை எல்லாம் உடைத்துவிட்டீர்களே என்று தெய்வம் முறையிட்டதாம். நடுங்கிய மக்கள் ஒஷூனை வணங்கி, அக்கரைக் காட்டை அவளுக்கே விட்டு, அப்பால் சென்று ஊர் அமைத்தனர்.

யொரூப நாட்டுப் பெண்கள் நீலச்சாயம் தோய்ப்பதிலே பேர்பெற்றோர். மரவள்ளி மாவைக் காய்ச்சிய கஞ்சியால் துணியிலே கோலம் வரைந்து, நீலத்தில் தோய்த்து, பின் கஞ்சியைச் சுரண்டி எடுத்தால், கஞ்சி பட்ட இடம் வெளிறியும் ஏனைய இடம் ஆழ்ந்த நீலமாயும் தோன்றும். ஆகையால் நீர்த்தெய்வமும் அவர்கள் எண்ணத்திலே ஒரு சாயக்காரியாக விளங்குகின்றாள். மரம் வீழ்ந்தால் வண்ணம் சிதையும் என்பதை, ஊர் பிறந்த நாளிலேயே இக்கதை அம்மக்களுக்குக் கூறிவிட்டது.

அக்காட்டிலே வேட்டையாடுதல், மீன் பிடித்தல், மரம் தறித்தல் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டிருந்தன. எனினும், 1950களிலே நிலைமை மாறிவிட்டது. பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பூசகர் பலர் காட்டைக் கைவிட்டனர். கோட்டங்கள் கேட்பாரற்றுச் சிதைந்தன, கறையான் அரித்தது. விலக்கப்பட்ட செயல்கள் அச்சமின்றி நடந்தன. நிலத்தை விலைபேச விரும்புவோரும் சூழ்ந்தனர். யொரூப நாட்டிலே ஒருகாலத்தில் ஊர்தோறும் இருந்த புனிதக் காடுகள் பெரும்பாலும் இவ்வாறே சுருங்கியும் அழிந்தும் போயின. ஒஷொக்போக் காடும் அவ்வழியே செல்லவிருந்தது.

அந்நாளிலே அங்கு வந்து சேர்ந்தவர் சுசான் வெங்கர் என்னும் ஓவியர். 1915 ஆம் ஆண்டு ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரிலே பிறந்தவர். வியன்னாவிலே ஓவியம் பயின்றவர். போருக்குப் பின் அந்நகரில் உருவான கலைக்கழகத்தைத் தொடங்கியோருள் ஒருவர். 1950 ஆம் ஆண்டளவில் தம் கணவர் உல்லி பையருடன் நைஜீரியா சென்றார். அங்கே கசநோயுற்றுப் பெருந்துன்பம் அடைந்தார். நோயினின்றும் மீண்டபின், எடே என்னும் ஊரிலே ஒபாத்தாலாவின் பூசகராயிருந்த அஜகெமோ என்னும் பெரியவரைக் குருவாகக் கொண்டு, யொரூபச் சமயத்திலே தீட்சை பெற்றார். மக்கள் அவரை அடுன்னி என்று அழைத்தனர். பின்னர் ஒஷொக்போவிலே குடியமர்ந்து, 2009 ஆம் ஆண்டு சனவரியில் தம் 93 ஆவது வயதில் இறக்கும்வரை அவ்வூரையே தம் ஊராகக் கொண்டிருந்தார்.

ஊர் மன்னரின் ஊக்கமும் மக்களின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தன. அடெபிசி அக்கான்ஜி என்னும் கொத்தனார், கசாலி அக்கங்பே என்னும் மரச்சிற்பி, புரைமோ க்படமோசி என்னும் கற்சிற்பி முதலிய உள்ளூர்க் கைவினைஞர் அவருடன் சேர்ந்தனர். சிதைந்த கோட்டங்களைப் புதுப்பித்தனர். சீமெந்தாலும் மண்ணாலும் மரத்தாலும் பேருருவங்களை எழுப்பினர். பழைய உருவங்களைப் பார்த்து அப்படியே செய்தவை அல்ல அவை. கிளைகள் போல் நீளும் கைகள், அடிமரம் போல் பருத்த உடல்கள், காட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பெருங்கண்கள் என அக்காட்டினுள்ளிருந்தே முளைத்தவை போன்று அவை நின்றன. வேட்டைக்கு வந்தவனும் கோடரியுடன் வந்தவனும் அவற்றின் முன்னே தயங்கி நின்றார்கள். யாருமற்ற காடு என்று எண்ணியிருந்த இடத்திலே யாரோ இருக்கிறார் என்ற உணர்வு மீண்டும் பிறந்தது.

1965 ஆம் ஆண்டு அக்காட்டின் ஒரு பகுதி தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1992 இல் அப்பாதுகாப்பு 75 ஹெக்டேயர் முழுவதற்கும் விரிந்தது. 2005 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. தென் நைஜீரியாவில் எஞ்சியுள்ள பழங்காடுகளின் கடைசி மிச்சங்களுள் ஒன்று இன்று அது.

சிற்பத்துடன் வெங்கர் நின்றுவிடவில்லை. உள்ளூர்ப் பெண்களின் மரவள்ளிக் கஞ்சி முறையைக் கற்றுப் பெரிய சீலைகளிலே படைப்புக் கதைகளை வரைந்தார். மெழுகு தோய்த்தும் வரைந்தார். எண்ணெய் வண்ணத்திலும் பல ஓவியங்களைத் தீட்டினார். அவருடைய ஓவியங்களிலே வெற்றிடம் என்பது அரிது. தெய்வமும் விலங்கும் மரமும் நீரும் ஒன்றினுள் ஒன்று புகுந்து நிற்கும். எது கொடி, எது கூந்தல் என்று பிரித்தறிவது எளிதன்று. பிரித்தறிய வேண்டாம் என்பதே ஓவியம் நமக்குச் சொல்லும் செய்தி.

இவ்விடத்திலே எண்ணெய் வண்ணத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் பொருந்தும். வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயிலே குழைத்துக் கித்தான் துணியிலோ பலகையிலோ பூசுவது இம்முறை. நீர்வண்ணம் நீர் ஆவியாகிப் போவதனால் உலர்கின்றது. எண்ணெய் வண்ணமோ எதனையும் இழந்து உலர்வதில்லை; காற்றிலுள்ள ஒட்சிசனைத் தன்னுள் ஏற்று, நாளடைவிலே இறுகித் தோல் போலாகின்றது. தேங்காயெண்ணெயை எத்தனை நாள் வைத்தாலும் இவ்வாறு இறுகாது. ஆளிவிதை எண்ணெய்க்கு அத்தன்மை உண்டு. இறுக நாட்கள் செல்லுமாதலால் ஓவியன் அவசரமின்றித் திருத்தலாம். ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய இன்னொரு படை பூசலாம். ஒளி மேற்படையினூடே புகுந்து, கீழ்ப்படையிலே பட்டு, மீண்டு நம் கண்ணை வந்தடையும். அதனாலேயே எண்ணெய் வண்ணத்திலே தீட்டிய இருள் வெறும் கரியாகத் தோன்றாது ஆழமுடையதாகத் தோன்றுகின்றது. அடர்ந்த காட்டின் நிழலைக் காட்ட இதனினும் ஏற்ற முறை அரிது. பச்சையின் கீழே நீலமும், நீலத்தின் கீழே செம்மண் நிறமும் மறைந்து ஒளிரும்.

இக்கலையை மேல்நாட்டார் மட்டுமே கண்டனர் என்று கருதவேண்டுவதில்லை. ஐரோப்பாவிலே 15 ஆம் நூற்றாண்டில் இது உயர்நிலை எய்தியது உண்மையே. ஆனால், ஆப்கானித்தானத்துப் பாமியான் குகைகளிலே, ஏறக்குறைய 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் கலந்த வண்ணங்கள் பயன்பட்டிருப்பதை 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆசியாவின் மலைக்குகையிலே தெய்வ உருவைத் தீட்டவே இம்முறை அத்துணை முற்காலத்தில் பயன்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மீண்டும் ஒஷொக்போவுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்திலே அவ்வூரில் ஒரு கலைமன்றம் தோன்றியது. நாடகக் கலைஞர் டூரோ லடிப்போவும் உல்லி பையரும் அதற்குக் காரணராயினர். 1964 இல் ஜோர்ஜீனா பையர் அங்கே நடத்திய பட்டறையிலே, முன்பு ஓவியம் பயிலாத இளைஞர் பலர் தூரிகை ஏந்தினர். அவர்களுள் ஒருவர் ட்வின்ஸ் செவன் செவன் என்னும் புனைபெயர் கொண்டவர். தம் பெற்றோர்க்கு ஏழு முறை இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர் என்றும், அவர்களுள் எஞ்சியவர் தாம் ஒருவரே என்றும் அவர் கூறுவார்; அப்பெயரும் அதனால் வந்ததே. நடனக்காரராக இருந்த அவர், காட்டில் வாழும் ஆவிகளையும் பல தலை விலங்குகளையும் நுண்கோடுகளால் நிரப்பி வரைந்தார். 2005 இல் யுனெஸ்கோ அவரை அமைதிக்கான கலைஞர் என்று சிறப்பித்தது. 2011 இல் அவர் மறைந்தார்.

அப்பட்டறையில் வந்த மற்றொருவர் ரூஃபஸ் ஒகுண்டேலே. எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டு ஓகூன் என்னும் தெய்வத்தைத் தம் ஓவியங்களின் பொருளாகக் கொண்டவர். ஓகூன் இரும்பின் தெய்வம். தெய்வங்கள் முதன்முதல் பூமிக்கு வந்தபோது அடர்காடு வழிமறித்தது. ஓகூனே தன் இரும்புக் கத்தியால் காட்டை வெட்டி வழி செய்தான் என்பது கதை. இதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். மரத்தை வெட்டாதே என்று மட்டும் யொரூபர் கதை சொல்லவில்லை. வெட்டும் இரும்புக்கும் ஒரு தெய்வம் வைத்தனர். உழவனுக்குக் கத்தி வேண்டும். கொல்லனுக்குக் கரி வேண்டும். ஆயின், வெட்டும் கை ஒரு தெய்வத்துக்கு விடை சொல்லவேண்டும். அளவின்றி வெட்டுவதற்கு அங்கே இடமில்லை.

வெங்கரின் பணியைக் குறித்து மாறுபட்ட கருத்துகளும் எழுந்தன. அயல்நாட்டுப் பெண் ஒருத்தி நம் தெய்வங்களுக்கு உருக்கொடுப்பதா என்று கேட்டோர் உண்டு. பழைய வடிவங்களை விட்டுப் புதுவடிவங்களைப் புகுத்துவது தகுமா என்று வினவினோரும் உண்டு. இவை ஒதுக்கத்தக்க கேள்விகள் அல்ல. எனினும், உள்ளூர்ப் பூசகரிடம் தீட்சை பெற்று, உள்ளூர்க் கைவினைஞருடன் கூடி, அவ்வூரிலேயே வாழ்ந்து முடிந்தவர் அவர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இதே தெய்வங்கள் கடல் கடந்தும் சென்றன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொரூபர் கியூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களிலே தம் தெய்வங்களை மறவாது போற்றினர். அத்தீவிலே 1902 இல் பிறந்தவர் விஃப்ரெடோ லாம். தந்தை சீனர், தாய் வழியில் ஆபிரிக்க இரத்தம் உடையவர். அவருடைய ஞானத்தாய் அத்தெய்வங்களுக்குப் பூசை செய்த மருத்துவச்சி. ஐரோப்பாவிலே பல்லாண்டு ஓவியம் பயின்று திரும்பிய லாம், 1943 இல் காடு என்னும் பெரும் ஓவியத்தைத் தீட்டினார். நெருங்கி நிற்கும் கரும்புத் தண்டுகளுக்கிடையே முகமூடி போன்ற முகங்களுடன் உருவங்கள் எழுகின்றன. கால்கள் தண்டுகளாகின்றன, தண்டுகள் கால்களாகின்றன. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1945 இலேயே அதனைப் பெற்றுக்கொண்டது. மரத்தைப் பறித்துக் கரும்பை நட்டவர்களின் தோட்டத்திலும் காட்டுத் தெய்வம் ஒளிந்து வாழ்கின்றது என்பதே அவ்வோவியம் தரும் உணர்வு. கரும்புத் தோட்டத்திலே மாரியம்மனை நிறுவிய நம்மவர் வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

நேயர்களே, அயல்நாட்டு எண்ணெய் வண்ணம் நம் கதைகளுக்கும் முகம் கொடுத்தது உண்டு. திருவிதாங்கூரிலே பிறந்த இரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் இலக்குமியையும் சரசுவதியையும் தீட்டினார். 1894 இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியாக அவ்வுருவங்கள் வீடுதோறும் பரவின. நம் பூசையறைகளிலே தொங்கும் படங்கள் பலவற்றுக்கும் மூலம் ஓர் எண்ணெய் வண்ணக் கித்தானே. இலங்கையிலே 1943 இல் கொழும்பில் உருவான நாற்பத்து மூன்று குழு என்னும் ஓவியர் கூட்டம் இதே வினாவை வேறு வகையில் எழுப்பியது. ஜோர்ஜ் கீற் மேலைப் புதுமுறையில் கண்ணனையும் இராதையையும் தீட்டினார். ஐவன் பீரிஸ் கடற்கரையையும் மரங்களையும் அமைதி நிறைந்த கித்தான்களாக்கினார். கருவி எங்கிருந்து வந்தது என்பது பெரிதன்று. அதனைக் கொண்டு எதனைப் பார்க்கக் கற்றோம் என்பதே பெரிது.

இனி, மண்டூர்த் துறைக்கு மீள்வோம்.

தில்லை மரம் கண்டற் காட்டைச் சேர்ந்தது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் சேற்றுநிலமே அதன் இருப்பிடம். அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வை மங்கும். தோலிற்பட்டால் கொப்புளம் எழும். ஆகவே, விறகுவெட்டியும் அதனை அஞ்சியே அணுகுவான். உதிரும் முன் அதன் இலைகள் செந்நிறம் கொள்ளும். அப்போது பச்சை நிறக் கரையிலே ஆங்காங்கே தீ மூட்டியது போன்று தோன்றும். வேலின் கதிர் தங்கியது இம்மரத்திலே என்று முன்னோர் சொன்னதில் என்ன வியப்பு?

கண்டல் வெறும் அழகுக்காக நிற்பதன்று. அதன் வேர்களுக்கிடையே இறாலும் மீனும் குஞ்சுகளாக வளர்கின்றன. கரை மண் கரையாது காப்பதும் அவ்வேர்களே. ஆயினும், விறகுக்காகவும், இறால் வளர்க்கும் குளங்கள் வெட்டுவதற்காகவும், குடியிருப்புக்காகவும் இலங்கைக் கரையோரங்களிலே கண்டற்காடுகள் பல இடங்களில் அழிக்கப்பட்டன. வாவிக்கரை மக்களுக்கு இது கேள்விப்பட்ட செய்தி அன்று, கண்ணால் கண்டது. சட்டங்கள் உண்டு; மீண்டும் நடும் முயற்சிகளும் உண்டு. அவை வேண்டியவையே. ஆனால், ஒஷொக்போவின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கே விலக்கு இருந்தது; கதையும் இருந்தது. ஆயினும், கதையைக் கண்முன் நிறுத்தும் உருவங்கள் கறையானுக்கு இரையானபோது விலக்கும் வலுவிழந்தது. உருவங்கள் மீண்டும் எழுந்தபோதே மக்கள் கதையை நினைத்தனர். கதையை நினைத்தபோதே கோடரி தாழ்ந்தது.

மண்டூரிலே நமக்குக் கதை இருக்கின்றது. தெய்வத்தின் முகமாய் ஒரு சீலையை ஏற்று வணங்கும் மனப்பழக்கமும் இருக்கின்றது. மட்டக்களப்பிலே சுவாமி விபுலானந்தர் பெயரால் விளங்கும் அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் இளைஞர் ஓவியம் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒரு மாலை வேளையிலே வாவிக்கரையில் அமர்ந்து, செந்நிறம் கொண்ட ஒரு தில்லை மரத்தை உற்றுநோக்கட்டும். வேல் வந்து தங்கிய கதையையும், வேடர் கண்டு வணங்கிய காட்சியையும், வேருக்குள்ளே மறைந்து வாழும் இறாற் குஞ்சையும் ஒரே கித்தானில் காணட்டும். ஆபிரிக்க ஓவியரைப் போல் வரைய வேண்டியதில்லை; அவர்கள் தம் மரத்தைப் பார்த்தது போலத் தம் மரத்தைப் பார்த்தால் போதும்.

அத்தகைய ஓவியம் ஒன்று ஊர்ப் பாடசாலைச் சுவரிலே தொங்குமாயின், அதனைப் பார்த்து வளரும் பிள்ளை நாளை வாவிக்கரையிலே கத்தியுடன் நிற்கும்போது ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத் தயக்கம் ஒரு மரத்தின் ஆயுளாகும்.

அடுத்தமுறை ஓடமேறி வாவியைக் கடப்போர் கோயிலை நோக்கிக் கைகூப்பும் முன், கரையிலே நிற்கும் தில்லையையும் ஒருமுறை நோக்குவார்களாக.